புத்தகக் கண்காட்சியை எந்தக் கணக்கில் எழுதுவது?

நான் பி.காம். மூன்றாம் வருடம். ஒரு செலவைச் சொன்னால் அது எந்தக் கணக்கில் போகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். போன மாதம் வகுப்பில் எழுந்து நின்று திருதிருவென்று முழித்தேன்.

நடந்தது இதுதான். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு பற்றி ஆளுக்கு ஒரு கட்டுரை எழுதி வந்து வகுப்பில் பேச வேண்டும். பாதிப் பேர் டாடா, மீதிப் பேர் இன்ஃபோசிஸ். (இணையத்தில் சுலபமாகக் கிடைக்கும், வேறென்ன!) நான் மந்தாரக்குப்பத்துக்காரி. அதனால் என்.எல்.சி.யை எடுத்துக்கொண்டேன். அதிலும் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று போகாமல் நெய்வேலி புத்தகக் கண்காட்சியைப் பற்றி எழுதினேன். நிலக்கரி வெட்டி மின்சாரம் தயாரிக்கிற நிறுவனம் 1998-இல் புத்தகக் கண்காட்சி நடத்த ஆரம்பித்தது என்பது எங்கள் ஊரில் யாருக்கும் அதிசயம் இல்லை. ஹாஸ்டல் தோழிகளுக்குத்தான் புரியவில்லை. "கரண்ட் கம்பெனிக்கும் கதைப் புத்தகத்துக்கும் என்னடி சம்பந்தம்?" என்றாள் ஒருத்தி.

நான் பேசி முடித்ததும் சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எல்லாம் சரிம்மா. இந்தச் செலவை நீ எந்தத் தலைப்பில் எழுதுவே?"

நான் யோசிப்பதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "வளையமாதேவி கணக்குல எழுதச் சொல்லுங்க சார்." வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, பதிலும் வரவில்லை. அன்று சொல்ல முடியாததை இங்கே எழுதிப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெய்வேலியைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் ஊர்க்கதை. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தன் நிலத்தில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி என்று பிறகு தெரிந்தது. 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையம் 1962-இல் ஓட ஆரம்பித்து 2020-இல் நிறுத்தப்பட்டது. 2016-இல் நிறுவனத்தின் பெயரும் என்.எல்.சி. இந்தியா என்று மாறிவிட்டது. எங்கள் ஊரில் யாரும் அந்த 'இந்தியா'வைச் சேர்த்துச் சொல்லிக் கேட்டதில்லை!

நிலக்கரி எடுப்பது என்றால் குகை மாதிரி உள்ளே போய் வெட்டுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இங்கே அப்படி இல்லை. இது திறந்தவெளிச் சுரங்கம். மேலே இருக்கிற மண் முழுவதையும் அள்ளி அப்புறப்படுத்தினால்தான் அடியில் இருக்கிற கரி தெரியும். ராட்சத சக்கரத்தில் வாளிகள் கட்டிய எந்திரம் சுற்றிச் சுற்றி மண்ணை அள்ளும். கரிக்கும் கீழே தண்ணீர் ஊற்று ஒன்று மேல் நோக்கி முட்டிக்கொண்டு நிற்கிறது. அதை ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுரங்கத்தின் தரையையே உடைத்துக்கொண்டு வந்துவிடும். அந்தத் தண்ணீர் வாய்க்காலில் போய் வயலுக்கும் பாய்கிறது. அதே நேரம், எங்கள் கிணற்றில் நீர் இறங்கிப்போச்சு என்று சுற்றுவட்டார விவசாயிகள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். இரண்டும் ஒரே பம்பு செய்கிற வேலைதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு இடத்தில் கரி தீர்ந்தால் சுரங்கம் பக்கத்து நிலத்துக்கு நகர வேண்டும். நூற்பாலைக்கு ஒரு தடவை நிலம் வாங்கினால் போதும். இந்தத் தொழிலுக்கு நிலம் வாங்கும் வேலை முடியவே முடியாது. என் கட்டுரையில் இதை நான் எழுதவில்லை. அங்கேதான் சறுக்கினேன்.

சரி, கண்காட்சிக்கு வருகிறேன்.

நான் முதல் தடவை போனது 2015-இல், ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது. எங்கள் பள்ளியில் நூலகம் என்று இருந்தது ஒரு பூட்டிய பீரோ. சாவி யாரிடம் இருக்கிறது என்பது கடைசி வரை தெரியாது. அப்பா மந்தாரக்குப்பத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலைக்குப் போவார். எங்கள் பக்கம் முந்திரிக்காடு அதிகம், தெரியுமில்லையா? கொட்டையை உடைக்கும்போது ஓட்டிலிருந்து வருகிற எண்ணெய் கையைப் பொசுக்கிக் கறுப்பாக்கிவிடும். சாம்பல் தொட்டுக்கொண்டு உடைப்பார்கள், அப்படியும் தோல் உரியும். எத்தனை தேய்த்தாலும் அந்தக் கறை போகாது.

டவுன்ஷிப்புக்குள் வீட்டு விலாசமே நம்பர்தான். ஊரை வட்டம் வட்டமாகப் பிரித்து ஒன்று, இரண்டு என்று எண் போட்டிருக்கிறார்கள். பதினோராம் வட்டத்தில் லிக்னைட் ஹால் பக்கம் கண்காட்சி. அகலமான ரோடு, இரண்டு பக்கமும் மரம், வரிசையாக விளக்கு. வெளியே இருக்கிற எங்களுக்கு அது வேற்றூர் மாதிரி. அம்மா புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்தார், கல்யாணத்துக்குப் போகிற மாதிரி.

உள்ளே போனதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா மட்டும் இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். எந்தப் புத்தகத்தையும் தொடவில்லை. "அந்தாண்ட பாரு, மயிலு படம் போட்டது" என்று முகவாயாலேயே காட்டினார். ஒரு கடையில் இருந்த பெரியவர் இதைக் கவனித்திருக்க வேண்டும். ஒரு புத்தகத்தை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். "வாணாங்க, கை கறையா இருக்கு" என்றார் அம்மா. "வாங்கிப் பாருங்கம்மா, புத்தகம் ஒண்ணும் ஆகாது" என்று கையில் வைத்துவிட்டார். அம்மா அதைப் பிரிக்காமல், கனம் பார்ப்பதுபோல் பிடித்துக்கொண்டு நின்றது இப்போதும் ஞாபகம் இருக்கிறது. அந்தப் புத்தகத்தையே வாங்கினோம். சிறுவர்களுக்கான வானவியல் புத்தகம், 35 ரூபாய். நான் கேட்டது வேறு. ஆனால் அம்மா தொட்டுவிட்டதால் அதைத்தான் வாங்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்!

அதன் பிறகு சில வருடங்கள் விடாமல் போனோம். மாலையில் மேடையில் பேச்சு, பாட்டு, நாட்டியம் எல்லாம் நடக்கும். எழுத்தாளர்களையும் பதிப்பாளர்களையும் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவார்கள். பதிப்பாளருக்கு மரியாதை செய்கிற வழக்கத்தை நான் வேறு எங்கும் அதிகம் பார்த்ததில்லை, எழுதியவரோடு நிறுத்திக்கொள்வார்கள். தினமணியோடு சேர்ந்து சிறுகதைப் போட்டியும் நடத்தினார்கள். அப்பா கதை எல்லாம் படிக்க மாட்டார். ஆனால் பேச்சு என்றால் கடைசி வரிசையில் நின்றபடியே முழுவதும் கேட்பார். ஷிப்ட்டு முடிந்து யூனிபார்மோடு வந்தவர்களும் பக்கத்தில் நிற்பார்கள். அதில் பாதிப் பேர் அப்பாவிடம் பஞ்சர் ஒட்டியவர்களாக இருப்பார்கள். "இன்னா செட்டு, பொண்ணுக்குப் புஸ்தவமா?" என்று விசாரிப்பார்கள். (அப்பா பெயர் செட்டு இல்லை. சைக்கிள் பழுது பார்ப்பவருக்கு அவர்கள் வைத்த பட்டப்பெயர், காரணம் இன்று வரை தெரியாது.)

கண்காட்சி மட்டும் இல்லை. கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களைக் கேளுங்கள், நெய்வேலி சந்தானகோபாலன் என்பார்கள். மிருதங்கத்தில் நெய்வேலி வெங்கடேஷ், நெய்வேலி நாராயணன். அரியக்குடி, செம்மங்குடி என்று எத்தனையோ தலைமுறையாக இருந்த ஊர்ப் பெயர்கள் நிற்கிற இடத்தில், 1956-க்குப் பிறகு முளைத்த ஒரு தொழிற்சாலை ஊரின் பெயர் வந்து நிற்கிறது. எந்தெந்த ஊர்களிலிருந்தோ வேலைக்கு வந்தவர்கள் குடியேறிய ஊர் இது. சம்பளம் கிடைத்தது, குவார்ட்டர்ஸ் கிடைத்தது, சாயங்காலம் என்று ஒன்று கிடைத்தது. பாட்டு வாத்தியாரும் வந்து சேர்ந்துவிட்டார். பங்குனி உத்திரத்துக்கு வில்லுடையான்பட்டு முருகன் கோயிலில் காவடியோடு திரள்கிற கூட்டம் வேறு வகை. டவுன்ஷிப் வருவதற்கு முன்பே இருந்த கோயில் அது. சுற்றியுள்ள கிராமத்து ஜனங்கள் அன்றைக்கு மட்டும் டவுன்ஷிப் ரோடுகளை முழுக்கத் தங்களுடையதாக்கிக்கொள்வார்கள்.

இப்போது சாரின் கேள்வி. எந்தத் தலைப்பு?

விளம்பரச் செலவு என்று போடலாமா? சோப்பு விற்கிற கம்பெனி கோலப்போட்டி நடத்தினால் விளம்பரம். இது மின்சாரம். தயாராகிற மின்சாரத்தை வாங்குவது தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா என்று மாநில மின் நிறுவனங்கள். எங்கள் வீட்டு பல்பில் எரிவது யாருடைய கரண்ட் என்று அம்மாவுக்குத் தெரியாது, தெரிந்தாலும் வேறு கரண்ட் கேட்டு வாங்க முடியாது. வாடிக்கையாளரைப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லாத வியாபாரம்.

தொழிலாளர் நலன் என்று போடலாம் என்றால், உள்ளே வந்தவர்களில் எங்களைப் போன்ற வெளியாட்கள் எத்தனையோ பேர்.

சமூகப் பொறுப்பு என்றுதான் நான் எழுதியிருந்தேன். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம், பிரிவு 135. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி. இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட நிறுவனம் முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். ஏழாவது அட்டவணையில் கலை, பண்பாடு, பொது நூலகம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் சட்டம் அமலுக்கு வந்தது 2014 ஏப்ரலில். கண்காட்சி தொடங்கியது 1998-இல்! பதினாறு வருடம் எந்தச் சட்டமும் கேட்காமல் நடந்திருக்கிறது. போதாததற்கு, மாரத்தான், பரிசளிப்பு மாதிரி ஒரு நாள் கூத்துகளை இதில் சேர்க்கக் கூடாது என்று 2014 ஜூனில் மத்திய அரசு சுற்றறிக்கையே விட்டது. பல வருஷம் நடந்த கண்காட்சி ஒரு நாள் கூத்தா, தொடர் பணியா? வாதம் செய்யலாம். பரீட்சைக்கு நல்ல கேள்வி.

கடைசியாக ஒன்று மிச்சம்: நற்பெயர். இருப்புநிலைக் குறிப்பில் சொத்துப் பக்கம் வருமே, அது. ஆனால் நிறுவனம் தானாகச் சம்பாதித்த நற்பெயரை ஏட்டில் காட்டக்கூடாது என்பது கணக்கியல் விதி. இன்னொரு வியாபாரத்தை வாங்கும்போது அதற்காக அதிகம் கொடுத்த தொகையைத்தான் காட்டலாம். ஆக ஏட்டில் வராத சொத்து. யாரிடம் சம்பாதித்த நற்பெயர் என்று கேட்டால்தான் கடைசி பெஞ்ச் பையனின் குரல் காதில் விழுகிறது. வாடிக்கையாளர் தேவைப்படாத நிறுவனத்துக்கு யாருடைய நல்லெண்ணம் தேவைப்படும்? பக்கத்து நிலத்துக்காரருடையது.

வளையமாதேவி என்பது சேத்தியாத்தோப்பு பக்கத்து ஊர். 2023 ஜூலை கடைசியில் இரண்டாவது சுரங்கத்தின் விரிவாக்கத்துக்காக, பரவனாற்றை மாற்றிவிடும் வாய்க்கால் வெட்டுவதற்கு, பயிர் நின்ற வயலில் எந்திரங்களை இறக்கினார்கள். பச்சை நெற்பயிர் மண்ணோடு புரள்வதைத் தமிழ்நாடே டிவியில் பார்த்தது. நிலம் பல வருடங்களுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது, மழைக்கு முன் வாய்க்காலை முடிக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் பக்கம். நிலத்தை எடுத்த பிறகும் இத்தனை வருடம் எங்களைப் பயிரிட விட்டீர்கள், இந்த அறுவடைக்குப் பொறுத்திருக்கக் கூடாதா என்பது விவசாயிகளின் பக்கம். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போனது. காட்சிகளைப் பார்த்து நீதிபதியே கலங்கிப்போனதாகச் சொன்னார். பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம்.

அன்று அம்மா டிவியை அணைக்கச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. எங்களுக்கு நிலம் கிடையாது, அந்த ஊரில் சொந்தக்காரர்களும் கிடையாது. ஆனாலும் பயிரை மிதிப்பதைப் பார்க்க அவரால் முடியவில்லை.

இப்போது சொல்லுங்கள். கண்காட்சியில் பொன்னாடை போர்த்தியதால் அந்த வயலுக்கு ஏதாவது ஈடாகுமா? ஆகாது. கடைசி பெஞ்ச் பையன் சொன்னதில் இந்தப் பாதி சரி. ஆனால் அவன் இன்னொரு பாதியையும் சேர்த்துச் சொல்கிறான். வயலில் எந்திரம் இறங்கியதால் கண்காட்சியே ஏமாற்று வேலை, அங்கே வாங்கிய புத்தகமெல்லாம் லஞ்சம் என்கிறான். அப்படியானால் அந்தப் பெரியவர் அம்மா கையில் வைத்த வானவியல் புத்தகம்? அதை வைத்துத்தான் நான் மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு சப்தரிஷி மண்டலத்தைக் கண்டுபிடித்தேன். பூட்டிய பீரோவைத் தவிர புத்தகம் பார்த்திராத ஒரு பிள்ளைக்கு யாரோ கதவைத் திறந்துவிட்டார்கள். திறந்தவர் மனதில் என்ன கணக்கு இருந்தது என்று ஐந்தாம் வகுப்புக்காரி கேட்க மாட்டாள். இன்றைக்குக் கேட்கிறேன், ஆனால் படித்ததைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?

யோசித்துக்கொண்டே இருந்தபோது பதினோராம் வகுப்பு கணக்குப்பதிவியல் ஞாபகத்துக்கு வந்தது. கடை வைத்திருப்பவர் ராமுவுக்கு 10,000 ரூபாய் தர வேண்டும். சோமு இவருக்கு 8,000 தர வேண்டும். இரண்டையும் கழித்து 'கடன் 2,000' என்று ஒரே வரியில் எழுதினால் எங்கள் டீச்சர் நோட்டை விட்டெறிவார். ராமு வேறு, சோமு வேறு. ராமுவுக்குத் தர வேண்டியது முழுசாக ஒரு பக்கம், சோமுவிடம் வர வேண்டியது முழுசாக இன்னொரு பக்கம். இதை ஈடுகட்டக் கூடாது என்பார்கள். ஏனென்றால் கழித்துக் காட்டினால் கடன்காரர் பட்டியலிலிருந்து ராமுவின் பத்தாயிரம் காணாமல் போய்விடும்.

கண்காட்சியைக் காட்டி நிலத்தைப் பேசாமல் விடுகிறவர்களும், நிலத்தைக் காட்டிக் கண்காட்சியைத் தூக்கி எறிகிறவர்களும் இந்த ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. புத்தகம் வாங்கியது நான். வயல் போனது வளையமாதேவிக்காரருக்கு. எனக்குக் கிடைத்ததை அவருடைய கணக்கில் வரவு வைக்க என்.எல்.சி.க்கு மட்டுமில்லை, எனக்கும் உரிமை கிடையாது. என் முதல் கட்டுரையில் நான் செய்தது அதுதான். நிலத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மொத்தம் போட்டிருந்தேன்.

இதற்கு அப்பாவின் பதில் வேறு. லீவுக்கு ஊருக்குப் போனபோது கேட்டேன். கடையை மூடிப் பல வருடமாகிவிட்டது, ஷிப்ட்டுக்காரர்கள் எல்லோரும் மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டார்கள். "2013-ல சென்ட்ரல் கவர்மெண்டு பங்க விக்கப் போறேன்னுச்சே, அப்ப ஜனங்க எப்படிக் கொதிச்சாங்க தெரியுமா?" என்றார். 5 சதவீதப் பங்கை விற்கும் முடிவுக்குத் தொழிலாளர்களும் மாநில அரசும் எதிர்ப்புத் தெரிவித்து, கடைசியில் தமிழக அரசு நிறுவனங்களே பங்குகளை வாங்கிக்கொண்டது பற்றிச் சொல்கிறார். "நம்முளுதுன்னு நெனைக்கறதாலதான் சண்ட போடறாங்க. அயலான்கிட்ட எவன் சண்ட போடுவான்?" என்றார். சரிதான் என்று பட்டது. ஆனால் 'நம்முளுது' என்று சொல்வதற்கு நிலம் கொடுத்தவருக்குத்தான் முதல் உரிமை, அப்புறம்தான் பஞ்சர் ஒட்டியவருக்கு என்றேன். "அதுவும் நாயந்தான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

கட்டுரையைத் திரும்ப எழுதிக் கொடுத்தேன். கண்காட்சிக்கு நான்கு பக்கம். நிலத்துக்கும் தண்ணீருக்கும் நான்கு பக்கம், புதுத் தாளில் ஆரம்பித்து. சார் வாங்கிப் புரட்டிவிட்டு, "முடிவுரை எங்கேம்மா?" என்றார். "இல்ல சார்" என்றேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார், பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து மார்க் போட்டுக் கொடுத்தார். பத்துக்கு ஏழு. டாடா எழுதியவளுக்கு எட்டு.